பன்னிரண்டு பைட்

சித்தூர்,
5-3-2001

அன்புத் தம்பி ஜெயபிரகாஷுக்கு,

பெரியக்கா சிவசங்கரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாய். நியூஜெர்சியில் பனி முழங்கால் வரைக்கும் விழுந்திருப்பதையெல்லாம் சொல்கிறாய். எனக்குப் பதில் எழுத மட்டும் வாயில் கொழுக்கட்டை. மெயில் என்றால் பொத்தானை அமுக்கி அழித்துவிடலாம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி நடந்ததை அம்மா உன்னிடம் "பழனிக்குக் கையில அடிபட்டுடிச்சி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் முழுசாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் துலுக்காணம் என்பவருடைய கிணறு. உள்ளே பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டார் வைத்திருக்கிறார். அதில் நம் கம்பெனி ஆட்டோ ஸ்டார்ட்டர். நீ கம்பைலர் எழுதி, அதில் நான் புரோகிராம் எழுதி, உன் சின்னக்கா கலைவாணி புருஷன் பழனி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினாரே, அதே ஸ்டார்ட்டர். மூணு ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக்கிடக்க வேண்டாம், வந்ததும் மோட்டார் தானாக ஓடும் என்று சொல்லி விற்றோமே, அது.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் போல்ட் லூஸாகி விட்டது என்று துலுக்காணம் கூப்பிட்டு அனுப்பினார். பழனி போனார். கரண்ட் இல்லாத நேரம். ஸ்டார்ட்டரில் இருக்கிற சிவப்பு சுவிட்சைத் திருப்பினார். திருப்பினால் கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாது. கம்பத்தில் ஏறி ப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டியதில்லை, சுவிட்ச் போதும் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறோம். தமிழ் நோட்டீஸை எழுதியவள் நான்தான். பழனி கிணற்றில் இறங்கி, கையை விட்டு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. மேலே ஸ்டார்ட்டர், கரண்ட் வந்தால் அடிக்கிற வழக்கப்படி, 'கோவிந்தா' மெட்டில் மூன்று முறை பீப் அடித்தது. சுவிட்ச்தான் திருப்பியிருக்கிறதே என்று அவர் கையை எடுக்கவில்லை. மோட்டார் ஓடிவிட்டது.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது, பிரகாஷ். சும்மா நின்றிருந்த ஒரு மாங்காய் லாரியில் போட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள் கலைவாணி அங்கே தரையில் படுத்திருந்தாள்.

நம் முதலாளி ரமணா சார் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வராண்டாவுக்கு என்னைக் கூப்பிட்டு, "தாகி உண்ட்டாடம்மா" என்றார். குடித்திருப்பான், சுவிட்சைத் திருப்பியிருக்க மாட்டான், கம்பெனிக்குப் பொறுப்பில்லை. லேபர் ஆபீசில் அப்படியே எழுதிக் கொடுத்தும் விட்டார். பழனி குடித்தவர்தான். நீ அமெரிக்கா கிளம்பிய அன்று விருந்தில் குடித்துவிட்டு ஆடியதை ஊரே பார்த்தது. அப்புறம் கலைவாணி ஒரு மாசம் அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்ததும், அவர் விட்டுவிட்டார். விட்டதை யார் பார்க்கிறார்கள்? ஆடியதுதான் ஞாபகம் இருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் சுச்சைத் திருப்பிட்டுதாங்க எறங்கினேன். நம்ம புள்ளைங்க செஞ்ச மிஷினாச்சேன்னு நம்பி எறங்கினேன்." அந்த இரண்டாவது வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆபீஸ் மேஜையில் ஒரு ஸ்டார்ட்டரை மாட்டினேன். மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு. சிவப்பு சுவிட்சைத் திருப்பி வைத்தேன். கரண்ட்டைக் கொடுப்பது, கோவிந்தா அடிக்கும் வரை இருப்பது, பல்பைப் பார்ப்பது, நிறுத்துவது, நோட்டில் கோடு போடுவது. இரண்டு நாள் இதே வேலை. பக்கத்து மேஜை சுலோசனா எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று திருநீறு கொண்டுவந்தாள். ஆயிரத்து நூற்று எண்பத்தேழாவது தடவை பல்பு எரிந்தது. சுவிட்ச் திருப்பியபடியே இருந்தது. நான் அலறியதில் ஷெட்டில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

பிறகு உன் கம்பைலர் என் புரோகிராமை என்னவாக மாற்றியிருக்கிறது என்று அச்செடுத்து வரி வரியாகப் படித்தேன். நீ படிக்கவே வேண்டியதில்லை, உனக்குத்தான் தெரியுமே. நைனாவுக்கு இப்படிச் சொன்னேன். மண்டியில் ஒருத்தன் மாங்காய்க் கூடையை எடை போடுகிறான். முள்ளைப் பார்த்து எழுதப் போகிற நேரத்தில் இன்னொருத்தன் அவசரம் என்று நடுவில் புகுந்து, தன் கூடையை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறான். போகும்போது முள்ளைப் பழைய இடத்தில் விட்டுப் போக வேண்டாமா? விடவில்லை. முதல் ஆள் மாறின முள்ளைப் பார்த்து எழுதிவிடுகிறான். நம் சிப்பில் அந்த முள்தான் ஃபிளாக். நடுவில் புகுகிறவன் இன்டரப்ட். புகுந்ததும் ஃபிளாக்கை எடுத்து வைத்து, போகும்போது திரும்ப வைக்க வேண்டியது கம்பைலரின் வேலை. உன் கம்பைலர் அதைச் செய்யவில்லை. சுவிட்சைப் பார்த்ததற்கும் முடிவு எடுப்பதற்கும் நடுவில் இன்டரப்ட் புகுந்துவிட்டால், 'ஓடாதே' என்பது 'ஓடு' என்று ஆகிவிடுகிறது. நைனா கேட்டுவிட்டு, "அப்ப நாம எட போட்டது தப்பா, பழனி கை போட்டது தப்பா?" என்றார்.

ஆனால் 1999 ஆகஸ்ட்டில் உன் கம்பைலர் அதைச் செய்துகொண்டிருந்தது. அந்தத் தைவான் சிப்புக்கு ஒருத்தனும் கம்பைலர் எழுதாதபோது, ஏழு மாசம் உட்கார்ந்து, சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றுகிற பேக்கெண்ட் முழுவதையும் தனியாக எழுதினாய். கணக்கு வைத்துக்கொள்ள அதில் இருக்கிற இரண்டே ரிஜிஸ்டரை வைத்து நீ செய்த வித்தையைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், இப்போதும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழைய அச்சும் என்னிடம் இருக்கிறது. அதில் ஃபிளாக்கை எடுத்து வைக்கிற வரிகள் இருக்கின்றன. செப்டம்பர் அச்சில் இல்லை. நடுவில் என்ன நடந்தது? கோவிந்தா நடந்தது. ரமணா சாருக்குத் திருப்பதி பக்கத்து மிஷின் சாமி பேர் சொல்ல வேண்டும் என்று ஆசை. சிப்பில் மொத்தமே இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட். கோவிந்தாவைச் சேர்த்ததும் பன்னிரண்டு பைட் அதிகமாகி இடித்தது. நான்தான் உன்னிடம் வந்து, எப்படியாவது குறைத்துக் கொடுடா என்றேன். மறுநாள் காலையில் "முடிஞ்சிடிச்சிக்கா" என்று சிரித்துக்கொண்டு வந்தாய். எப்படி என்று நான் கேட்கவில்லை. அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு வருஷமாக, சுவிட்ச் சரியாக இருந்தும் இன்றைக்கு மோட்டார் ஓடவில்லை, நாளைக்கு ஓடுகிறது என்று அங்கங்கே புகார் வந்தது. அதுவும் இதே கோளாறுதான், 'ஓடு' என்பது 'ஓடாதே' என்று ஆகிவிடுகிறது. புகார் நோட்டில் எல்லாவற்றுக்கும் நேராக 'வோல்டேஜ் கம்மி' என்று எழுதி வைத்திருக்கிறோம். இந்த ஜில்லாவில் மிக்ஸி புகைந்தாலும் வோல்டேஜ், டிவி கோடு போட்டாலும் வோல்டேஜ். யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த நோட்டில் பாதி என் கையெழுத்து.

எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கோவிந்தாவுக்கு இடம் பண்ண அந்த வரிகளை எடுத்தது நான், சுவிட்ச் திருப்பியிருந்தாலும் மோட்டார் ஓடியிருக்கும், பழனி மேல் தப்பில்லை என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சித்தூர் லேபர் ஆபீசருக்கு அனுப்பு. இன்னும் நூற்று எண்பத்திரண்டு கிணற்றில் இதே சிப் இருக்கிறது. எந்தக் கிணற்றில் எப்போது யார் இறங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா,
சிவசங்கரி


நாகலாபுரம்,
22-4-2001

ஜெயபிரகாஷுக்கு,

உன் மெயில் வந்தது. திருப்பதியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். கத்திவிடுவேனோ என்று வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டேன்.

கடிதம் எழுதச் சொன்னால் கம்பைலரை அனுப்பியிருக்கிறாய். எடுத்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், புதிதாகக் கம்பைல் செய்துகொள், விஷயத்தை வெளியே விடாதே, இங்கே வாரா வாரம் ஆளைக் குறைக்கிறார்கள், என் ரெஸ்யூமில் முதல் வரியே அந்தக் கம்பைலர்தான். இவ்வளவுதான் மெயில். பழனி மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு பைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய், பெரிய தர்மவான். கையை எந்த மெயிலில் அனுப்பப் போகிறாய்?

அந்தச் சிப்பில் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். எல்லாக் கிணற்றிலும் சிப்பையே மாற்ற வேண்டும். ரமணா சாரிடம் கேட்டேன். பல்பு எரிந்ததற்கும் வோல்டேஜ்தான் காரணம் என்றார்! மறுநாள் என் மேஜையில் இருந்த ஸ்டார்ட்டரைக் காணோம். அதற்கு மறுநாள் எனக்கும் மேஜையைக் காணோம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார். முப்பத்திரண்டு வயசில் கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை என்று அம்மா ஒப்பாரி வைக்கிறாள். அந்த ஒப்பாரியையும் உன் கணக்கிலேயே எழுதிக்கொள்.

இப்போது நானும் பழனியும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறோம். எந்தக் கிணற்றில் எந்த ஸ்டார்ட்டர் என்று அவருக்கு மனப்பாடம். உள்ளே ஒரு வயரைக் கழற்றிவிட்டால் தானாக ஓடுவது நின்று, கையால் போட்டால்தான் ஓடும். நான் மூடியைப் பிடித்துக்கொள்வேன், அவர் இடது கையால் திருப்புளியைப் பிடித்துக் கழற்றுவார். முதல் நாள் ஒரு ஸ்குரூவுக்குக் கால் மணி நேரம் ஆனது. நான் கழற்றுகிறேன் என்றால், "இது என் வேலங்க" என்று கொடுக்க மாட்டார்.

போகிற இடமெல்லாம் மாலை போட்டு வரவேற்கிறார்கள் என்று நினைக்காதே. துலுக்காணம் மட்டும் நாங்கள் போகும் முன்பே தன் ஸ்டார்ட்டரைப் பிடுங்கி வரப்பில் எறிந்திருந்தார். மற்றவர்களுக்கு மறுபடியும் கரண்ட்டுக்காகக் கிணற்று மேட்டில் காவல் கிடக்க வேண்டும் என்ற கோபம். சத்தியவேடு பக்கம் கன்னையா என்பவர் கழியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஒருத்தன் குட்ச்சிட்டு கைய உட்டான்னா, ஊருக்கெல்லாம் மிஷின கெடுப்பியா?" என்றார். அந்த ஒருத்தன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். பழனி சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். கன்னையா கழியைக் கீழே போட்டுவிட்டு, எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லை.

பஸ்ஸில் வரும்போது பழனி கேட்டார், பிரகாஷ் என்ன சொல்றாப்ல என்று. எழுதுவான் என்றேன். "சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டிருப்பான். தெரிஞ்சி செய்வானா? நீங்க அவன ரொம்பத் திட்டாதீங்க" என்றார். 'எடுத்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்' என்று நீ எழுதியிருக்கிற வரியைக் குறித்து வைத்த தாள் என் பையில் இருந்தது. அவரிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எழுது.

சிவசங்கரி


சித்தூர்,
11-6-2001

தம்பி ஜெயபிரகாஷுக்கு,

போன வியாழக்கிழமை லேபர் ஆபீசில் விசாரணை. மாங்காய் சீசன், ரோடெல்லாம் மாம்பழக் கூழ் பாக்டரிக்குப் போகிற லாரி. நானும் பழனியும் கலைவாணியும் நேரத்துக்குப் போய்ச் சேர நடந்தே போனோம். உன் கடிதம் அங்கே வந்து காத்திருக்கும் என்று போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

கடிதம் வரவில்லை. அம்மா வந்திருந்தாள். ரமணா சாருடைய காரில் வந்து இறங்கினாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. ஆபீசர் கூப்பிட்டதும் எழுந்து போனாள். கை போன அன்றைக்குக் காலையில் பழனி தன் வீட்டுக்கு வந்தபோது குடித்திருந்தார், வாடை அடித்தது என்று சொன்னாள். தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. சத்தியமா என்று ஆபீசர் கேட்டார். வெங்கடேசன் மேல சத்தியம் என்றாள்.

அன்றைக்குக் காலையில் பழனி அம்மா வீட்டுப் பக்கமே போகவில்லை. கலைவாணி கையால் கூழ் குடித்துவிட்டு நேராக நாகலாபுரம் பஸ் ஏறினார். கலைவாணி அங்கே சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பழனி குடிப்பதற்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தாள், அவர் குடித்ததும் மூடினாள், எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். கலைவாணி திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். அப்போது சொன்னாள். "அவன் போன்ல அழுவுறாண்டி. பெரியக்கா வாயத் தொறந்தா என் வேலயும் போயிடும், விசாவும் போயிடும், தெருவுல நிப்பேன்னு அழுவுறான். பழனிக்கு கை பூட்ச்சி, இனிமே வருமா? என் புள்ளைக்காவது இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நைனா அவளிடம் பேசுவதில்லை. சனிக்கிழமை விரதம் விடாத அம்மா, கோவில் இருக்கிற தெருவில் கூட நடக்காமல் சுற்றிக்கொண்டு போகிறாள்.

பொய் சொல்லச் சொல்லி நீ கேட்கவில்லை என்பாய். கேட்கவில்லைதான். அழுதாய். நம் அம்மாவிடம் பிள்ளை அழுதால் அவள் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாதா? இரண்டே ரிஜிஸ்டரில் அத்தனை கணக்குப் போட்டவனுக்கு அது தெரியாதா? பன்னிரண்டு பைட் எடுத்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன், பிரகாஷ். நான் கேட்டேன், நீ செய்தாய், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. இதை மன்னிக்க எனக்கு மனசே வரவில்லை.

நான் பல்பு எரிந்ததைச் சொன்னேன், இரண்டு அச்சையும் காட்டினேன். ஆபீசர் பொறுமையாகத்தான் கேட்டார். கம்பைலர் செய்தவர் ஒன்றும் சொல்லவில்லையே, நீங்கள் அதை உபயோகித்தவர்தானே, செய்தவருடைய வாக்குமூலம் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த விசாரணையில் முடித்துவிடுவாராம். ஜூன் 28, காலை பத்தரை மணி.

அன்றைக்கு உன் மெயிலை அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். அதில் உன் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, 'எடுத்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்' இருக்கிறது. பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே, நடக்கப் போவதைச் சொல்கிறேன். அம்மா வேண்டாம் என்று காலில் விழுந்தாள். பெற்றவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன், கொடுப்பேன் என்று. பழனி குடிகாரன் என்று காகிதத்தில் ஏறிவிட்டால், அவரால் இனி எந்தக் கம்பெனியிலும் வாசலில் கூட நிற்க முடியாது. மிச்சமிருக்கிற ஐம்பத்து நாலு கிணற்றுக்கும் எங்களை ஒருத்தரும் விடமாட்டார்கள்.

ஆனால் நான் கொடுத்தால், அக்கா தம்பியைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். அம்மா பொய்ச் சத்தியம் செய்தவள் என்று ஆகும். நீ ஓடி ஒளிந்தவன் என்று ஆகும். அதற்கு முன்னால் உன் கடிதம் வந்துவிட்டால், செய்தவனே சொல்லிவிட்டான் என்று ஆகும். அம்மாவும் 'என் பிள்ளைக்காகப் பயந்து சொன்னேன், தப்பு' என்று ஆபீசரிடம் சொல்லிவிட ஒரு வழி கிடைக்கும். நீ எழுதினால் சொல்கிறேன் என்று நேற்று அவளே முனகினாள். வேலை போனால் வா. நான் வேலை போய் மூன்று மாசமாகச் சோறு துன்னுகிறேன், செத்துவிடவில்லை. கலைவாணி உனக்குச் சோறு போடுவாளா என்று எனக்குத் தெரியாது. பழனி போடுவார்.

இந்தக் கடிதத்தைக் கொரியரில் அனுப்புகிறேன், நீயும் என் பெயருக்குக் கொரியரில் அனுப்பினால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். 27 சாயங்காலம் வரைக்கும் கொரியர்க்காரர் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரியவள் என்ற முறையில் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன். நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயசு இரு. உன் இரண்டு கையும் நன்றாக இருக்கட்டும். அதில் ஒன்றால் எழுது.

உன் அக்கா,
சிவசங்கரி